குறைந்த பராமரிப்புத் துணைவி

திருமயம் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்துகளுக்கு நேரம் குறிக்கும் வேலை அய்யப்பனுக்கு. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று சொல்வார். வண்டி இல்லாத நேரத்தில் மனைவியைப் பற்றிச் சொல்வார்.

"நம்ம வீட்டுல ஒண்ணுமே கேக்க மாட்டா. சேலை கேக்க மாட்டா. சினிமா கேக்க மாட்டா. ஏன் லேட்டுன்னுகூடக் கேக்க மாட்டா. லோ மெயின்டனன்ஸ்."

அந்தச் சொல்லை அவர் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்துக் கற்றிருந்தார். இரு சக்கர வாகனங்களைப் பற்றிய காணொளி அது.

நடத்துநர் ஆரோக்கியதாஸ் ஒருநாள் தேநீர்க் கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்ப விருதுக்கு எழுதிப் போட வேண்டியதுதானேண்ணே."

"என்ன விருது?"

"புதுக்கோட்டையில குடுக்குறாங்கள்ல. குறைந்த பராமரிப்புத் துணைவி விருது. எங்க வீட்டுக்காரிய போன வருஷம் போட்டேன். சோதனைக்கு அவுக வந்தன்னைக்குப் பாத்து மழை. கடைக்குப் போகணும், குடை எங்கன்னு கேட்டுப்புட்டா. போச்சு. எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"குடைதானப்பா."

"அப்படித்தான் ஆரம்பிக்கும்னாங்க."

விருதைக் கொடுப்பது இல்லற எளிமை அறக்கட்டளை. ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கியது. மாவட்டத்தில் குடும்பங்கள் உடைவதற்கு ஒரே காரணம் துணைவியரின் பராமரிப்பு மிகுதிதான் என்று அது ஆராய்ந்து கண்டிருந்தது. ஆராய்ச்சிக்கு நூறு கணவர்களைக் கேட்டார்கள். துணைவியரைக் கேட்கவில்லை. கேள்வி கேட்டுத் தொல்லை செய்வது எளிமைக்கு எதிரானது.

அய்யப்பன் அன்றே விண்ணப்பித்தார். மனைவி திலகவதியிடம் சொல்லவில்லை. எதையும் சொல்ல வேண்டியிராத மனைவி என்பதுதானே விண்ணப்பமே.

அய்யப்பனும் எதையும் கேட்பவர் அல்லர். அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஒருமுறை தொண்டையைச் செருமினால் தண்ணீர் வரும். இருமுறை செருமினால் காபி. செய்தித்தாளை மடித்து வைத்தால் கொல்லையில் வெந்நீர் விளாவியிருக்கும். சட்டைப் பொத்தான் அறுந்தது அவருக்குத் தெரியாது, தெரிவதற்குள் தைத்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. தானும் குறைந்த பராமரிப்புதான் என்று நம்பினார்.

ஒரு வியாழக்கிழமை அறக்கட்டளையிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். தலைவர் வைரவமூர்த்தி, செயலாளர் பிரகதீஸ்வரி, ஓர் ஓட்டுநர். வைரவமூர்த்தி எந்தத் துறையில் இருந்தார் என்று சொல்வதில்லை. உயர்ந்த பதவி என்று மட்டும் சொல்வார். நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பிரகதீஸ்வரி ஒதுங்கினாள். தலைவர் உட்காரவில்லை.

"கை வச்ச நாற்காலி இருக்கா? இல்லாட்டிப் பரவாயில்ல. பக்கத்து வீட்டுல இருக்கும்ல?"

திலகவதி பக்கத்து வீட்டுக்குப் போய்க் கை வைத்த நாற்காலியோடு வந்தாள்.

"எளிமைதாம்மா நம்ம கொள்கை. எனக்குக் காபி போதும். பால் தனியா, டிகாக்‌ஷன் தனியா. சர்க்கரை கூடாது. ஆனா இனிப்பா இருக்கணும். குடிக்கத் தண்ணி, கொதிச்சு ஆறுனது. ஆனா சூடா இருக்கணும்."

எல்லாம் வந்தது. இட்லியும் வந்தது. இட்லிக்கு இரண்டு சட்னி வந்தது. தலைவர் மூன்றாவது சட்னி உண்டா என்பதுபோல் பார்த்தார். அதுவும் வந்தது. ஓட்டுநருக்குத் தலைவலி என்றார்கள். சுக்குக் காபி வந்தது.

ஏப்பம் விட்டபின் சோதனை தொடங்கியது.

"ஒனக்கு ஏதாவது வேணுமாம்மா?"

"வேணாங்க."

தலைவர் பிரகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியாம்மா? மத்த வீட்டுல எல்லாம் வேணாம்னுதான் சொன்னாங்க. ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. இந்தம்மா யோசிக்கவே இல்ல." பிறகு அய்யப்பனிடம் சாய்ந்தார். "எப்படிங்க பழக்குனீங்க?"

"தானா வந்ததுங்க" என்றார் அய்யப்பன். அடக்கமாகச் சொன்னதாக அவருக்குத் தோன்றியது.

திலகவதி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அடுத்தது விலக்கல் நிலை. பிரகதீஸ்வரி விளக்கினாள். வீட்டிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் போவார்கள். அறக்கட்டளையின் மண்டபத்தில் பத்திரமாக இருக்கும். துணைவி எந்தப் பொருளைக் கேட்கிறாரோ அதோடு சோதனை நிற்கும். கேட்காதவரை மதிப்பெண் கூடும்.

முதலில் மிக்சி போனது. திலகவதி அம்மியைக் கழுவினாள். சட்னி முன்பைவிட நன்றாக இருந்தது. அய்யப்பன் பேருந்து நிலையத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்.

மின்விசிறி போனது. பனையோலை விசிறி வந்தது. அதைத் திலகவதி வீசினாள். கேஸ் அடுப்பு போனது. அவள் விறகு மூட்டினாள். புகையில் அவள் கண் சிவந்தது. அவர் எரிச்சல் தாங்காமல் வெளியே போய் உட்கார்ந்தார். கட்டில் போனது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் தைலம் தேய்த்தாள்.

தண்ணீர் மோட்டார் போன அன்று அவருக்கு முதல் தடவையாகக் கவலை வந்தது.

"ஏய் திலகா, மோட்டாராவது வேணும்னு ஒரு வார்த்தை கேளேன்."

"எனக்கு வேணாங்க. தெருக்குழாயில பிடிச்சுக்கிறேன்."

"ஒனக்கு வேணாம், சரி…"

வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. மீதிச் சொற்கள் அவருக்குப் பழக்கமில்லாதவை. தொண்டையைச் செருமினார். தெருக்குழாய்த் தண்ணீர் வந்தது.

மறுநாள் புதுக்கோட்டைக்குப் போய்ப் பிரகதீஸ்வரியைப் பார்த்தார். அவள் தலைவரின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மோட்டாரத் திருப்பிக் குடுத்துருங்கம்மா."

"அம்மா கேட்டாங்களா சார்?"

"இல்ல. நான் கேக்குறேன்."

"நீங்க போட்டியாளர் இல்லையே சார்."

"நான் புருஷன்."

"தெரியும் சார்" என்றாள் பிரகதீஸ்வரி. "அது கடைசியாத்தான் வரும்."

அவருக்கு அது புரியவில்லை. மாவட்ட அளவில் தன் மனைவிதான் இப்போது முதலிடம் என்று அவள் சொன்னதில் மற்றது மறந்துபோனது. ஊர் திரும்பியதும் ஆரோக்கியதாஸிடம் சொன்னார். ஆரோக்கியதாஸ் எழுந்து நின்று கைகொடுத்தார்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. பீரோவும் மெத்தையும் ஏறின. பிறகு வண்டியின் பின்கதவைச் சாத்தாமல் இரண்டு ஆட்கள் நின்றார்கள்.

பிரகதீஸ்வரி அய்யப்பனைப் பார்த்தாள்.

"ஏறுங்க சார். கடைசி விலக்கல்."

அய்யப்பன் திலகவதியைப் பார்த்தார். இது அவள் கேட்க வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே கொண்டு போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை. எதற்கு என்று அரை வார்த்தை போதும். அவர் தொண்டையைச் செருமிக்கூடப் பார்த்தார்.

திலகவதி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒரு பையையும் கொடுத்தாள். மாத்திரை, இரண்டு சட்டை, வேட்டி, தைலம். எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"பை எப்பம்மா எடுத்து வச்சீங்க?" என்று பிரகதீஸ்வரி கேட்டாள்.

"கட்டில் போனப்பவே வச்சுட்டேங்க."

அய்யப்பன் வண்டியில் ஏறினார்.

"மெத்தை மேல சாஞ்சுக்கங்கண்ணே" என்றான் சுமையாள். "கண்ணாடிச் சாமான் எதுவும் இல்ல, பயப்படாதீங்க."

வண்டி திரும்பும்வரை அவள் வாசலில் நின்றிருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பார்க்க முடியவில்லை. பீரோ மறைத்தது.

மண்டபம் அரிமளம் போகும் சாலையில் இருந்தது. ஒருகாலத்தில் கல்யாண மண்டபம். மணமேடையில் அவர்கள் வீட்டுச் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மிக்சி, மின்விசிறி, அடுப்பு, கட்டில், மோட்டார். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட ராக்கன் அவர் மணிக்கட்டிலும் ஓர் அட்டையைக் கட்டினான். வயதில் அவரைவிட மூத்தவன். கட்டும்போது வலிக்காமல் கட்டினான்.

"ஒரு நாள், ரெண்டு நாள்தான்" என்றார் அய்யப்பன். "கேட்டுருவா."

"சரிங்க சார்."

மாலையில் அவர் ஒருமுறை செருமினார். ஒன்றும் வரவில்லை. இருமுறை செருமினார்.

"இருமலுங்களா சார்?" என்று ராக்கன் எட்டிப் பார்த்தான். "மிளகு தரட்டுமா?"

காலையில் செய்தித்தாளை மடித்து வைத்தார். அது மடித்தபடி கிடந்தது. வெந்நீர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு காபி வேண்டும் என்றார். காபி ஆறியிருக்கிறது என்றார். இட்லி கெட்டி என்றார். போர்வை கடிக்கிறது என்றார். ராக்கன் எல்லாவற்றுக்கும் ஓடினான். தலைவர் சுற்றிப் பார்க்க வந்தபோது அவன் முறையிட்டான்.

"இத்தனை சாமான் கெடக்குதுங்கய்யா. மிக்சி ஒண்ணும் கேக்கல. மோட்டாரு ஒண்ணும் கேக்கல. இந்த ஒரு சாமான்தான் விடிஞ்சதுலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கு."

வைரவமூர்த்தி அய்யப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு பராமரிப்புள்ள பொருளை அந்தம்மா இத்தனை வருஷம் சத்தமில்லாம ஓட்டியிருக்கு" என்றார். "இதுக்குன்னு தனி மதிப்பெண் போடலாம். குறிச்சுக்கம்மா."

பிரகதீஸ்வரி குறித்துக்கொண்டாள். அய்யப்பன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சுட்டது. கோபம் என்று நினைத்தார்.

மகள் ஹரிணி சென்னையிலிருந்து அழைத்தாள்.

"அப்பா, ஒங்களை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாமே?"

"அம்மா சொன்னாளா? என்ன சொன்னா? அழுதாளா?"

"இல்லப்பா. நல்லா இருக்காங்க. குடுமியான்மலைக்குப் போயிட்டு வந்தாங்களாம்."

"யாரு கூட?"

"தனியாத்தான். பஸ்ல. மலை மேல காத்து நல்லா இருந்துச்சாம்."

அய்யப்பன் கைப்பேசியைக் கீழே வைத்தார். கல்யாணமான புதிதில் திலகவதி குடுமியான்மலை போகலாமா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பாப்போம் என்றார். அப்போது அவள் கேட்பவளாகத்தான் இருந்தாள். தையல் பழகப் போகட்டுமா என்று கேட்டாள். பாப்போம். அம்மாவைக் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல்லட்டுமா. பாப்போம். இன்றைக்கு ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாமா என்றுகூட ஒருநாள் கேட்டாள். அதற்கும் பாப்போம் என்றிருந்தார். திட்டியதில்லை. அடித்ததில்லை. முடியாது என்று ஒருபோதும் சொன்னதில்லை. அதையும் பேருந்து நிலையத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எப்படிப் பழக்கினீர்கள் என்று தலைவர் கேட்டதற்கு இப்போது பதில் தெரிந்தது. தெரிந்ததும் போர்வையை இழுத்துத் தலைவரின் வாயை மூடினால் தேவலை என்று தோன்றியது. தன் தலையைத்தான் மூடிக்கொள்ள முடிந்தது.

விழா அதே மண்டபத்தில் நடந்தது. வாழைமரம் கட்டினார்கள். ஒலிபெருக்கி வைத்தார்கள். விலக்கப்பட்ட பொருட்களை மக்கள் பார்க்கும்படி மேடையோரம் அடுக்கினார்கள். அய்யப்பன் கட்டிலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் நிறுத்தப்பட்டார். முன்வரிசையில் ஆரோக்கியதாஸ் இருந்தார். அவர் கையை ஆட்டினார். அய்யப்பன் அட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

திலகவதி பேருந்தில் வந்து இறங்கினாள். சாதாரணச் சேலைதான். ஆனால் தூங்கி எழுந்த முகம். அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வைரவமூர்த்தி பேசினார்.

"பெரியோர்களே, எளிமைக்கு நான் வேற எங்கயும் உதாரணம் தேட வேண்டியதில்ல. என் மனைவியவே எடுத்துக்கங்க. மூத்த மகன் வீட்டுக்குப் போய் எட்டு வருஷம் ஆகுது. ஒரு போன் உண்டா? கிடையாது. ஒரு கடுதாசி? கிடையாது. சாப்புட்டீங்களான்னு ஒரு வார்த்தை? கிடையாது. அப்படி ஒரு எளிமை! அவ நினைவாத்தான் இந்த அறக்கட்டளையே தொடங்குனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உசுரோடதான் இருக்கா."

கைதட்டினார்கள். பிரகதீஸ்வரி ஒலிபெருக்கியின் உயரத்தைத் தலைவருக்காகச் சரிசெய்தாள். அவர் தொடர்ந்தார்.

"கேக்காத வாய்தான் குடும்பத்தோட அஸ்திவாரம். கேட்டாப் பதில் சொல்லணும். பதில் சொல்லணும்னா யோசிக்கணும். யோசிச்சு யோசிச்சுத்தான் இன்னைக்கு ஆம்பளைங்களுக்கு ரத்தக்கொதிப்பு வருது. எங்க அறக்கட்டளை இதுவரைக்கும் எந்த ஆம்பளையையும் யோசிக்க விட்டதில்ல."

இறுதிக் கேள்விக்காகத் திலகவதியை மேடைக்கு அழைத்தார்கள். அவள் முன்னால் இருந்த மேசையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது.

"அம்மா, கடைசியா ஒரு தடவை கேக்குறேன். இங்க ஒங்க வீட்டுப் பொருள் எல்லாம் வரிசையா இருக்கு. நல்லாப் பாருங்க. இதுல எதையாவது கேக்கணும்னு தோணுதா?"

திலகவதி பார்த்தாள். மிக்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கண் அய்யப்பனிடம் வந்தபோது அவரை அறியாமல் தொண்டை செருமிவிட்டது. ஒருமுறை.

அவள் கை உடனே தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தது. மூடியைத் திறந்தது. திறந்தபின் கொஞ்சம் நின்றது. பிறகு அவளே அதைக் குடித்தாள். நிதானமாக, தாகம் தீர.

"ஒண்ணும் தோணலீங்க" என்றாள்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மாவட்ட வரலாற்றில் இதுவரை இல்லாத மதிப்பெண் என்று அறிவித்தார்கள். கேடயம் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவள் கேடயத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறிப் போனாள்.

கூட்டம் கலைந்தபின் அய்யப்பன் தலைவரிடம் போனார்.

"நான் வீட்டுக்குப் போகணுங்க."

"அதெப்படிங்க? கேக்கப்படாத பொருள் எல்லாம் அறக்கட்டளைக்குச் சேரும். விதி இருக்கு. அந்தம்மா கேக்காததுக்குத்தானே விருதே குடுத்திருக்கோம்? இப்ப ஒங்களை அனுப்பி வச்சா விருதுக்கு என்ன மரியாதை?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். பிரகதீஸ்வரி அந்தக் கையில் மூக்குக்கண்ணாடியை வைத்தாள்.

மண்டபத்தில் ராக்கன் மட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான்.

"போறதுன்னாப் போங்க சார். கதவெல்லாம் பூட்டுறதில்ல."

"பூட்டுறதில்லையா?"

"இல்லீங்க. நான் வந்து நாலு வருஷமாச்சு, ஒருநாளும் பூட்டல. மீமிசல்லேருந்து வந்தேன். மொத வருஷ விருது எங்க வீட்டம்மாதான் வாங்குச்சு."

அய்யப்பன் அவனைப் பார்த்தார். அவன் மணிக்கட்டில் அட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது.

"நீ ஏன் போகல?"

"ஒருக்காப் போனேன் சார். வாசல் வரைக்கும்." ராக்கன் அடுத்த நாற்காலியை மடக்கினான். "அந்த வீட்டுல இப்ப சிரிப்புச் சத்தம் கேக்குது. எப்புடிங்க உள்ள போறது?"

அய்யப்பன் மணிக்கட்டு அட்டையைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் பேருந்து ஏறினார்.

திருமயத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. தெருவில் அவரைப் பார்த்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே திலகவதி ஒரு பழைய வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே புளிக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆளுக்குச் சமைக்கும் சின்னச் சட்டி.

இத்தனை காலமும் அவர் அந்தப் படியில் நிற்காமல் ஏறிப்போயிருக்கிறார். இன்று கால் நின்றது. தொண்டை செருமப் பார்த்தது. எச்சிலை விழுங்கி அதை அடக்கினார்.

"திலகா."

அவள் திரும்பினாள்.

"உள்ள வரட்டுமா?"

வாயிலிருந்து வெளியே வந்தபின் அந்தச் சொற்கள் எவ்வளவு சின்னவை என்று தெரிந்தது. அவற்றைச் சொல்ல அவர் தலை குனிய வேண்டியிருந்தது.

திலகவதி கரண்டியைச் சட்டியின் மேல் வைத்தாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தணித்தாள். வாசலுக்கு வந்தாள்.

"எதுக்குங்க?" என்று கேட்டாள்.

அதில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

அய்யப்பன் வாயைத் திறந்தார். காபி என்பது நாக்கு நுனிவரை வந்தது. அடக்கினார். அதன் பின்னால் வெந்நீர் நின்றது. அதன் பின்னால் இடுப்பு வலி, துவைத்த சட்டை, மாத்திரை, ஒரு வாய் நல்ல குழம்பு. அவற்றைத் தள்ளிவிட்டு அதற்கும் பின்னால் தேடினார். அவளுக்கென்று ஏதாவது ஒன்று. இருட்டு அறையில் சாவியைத் தடவுவதுபோல் தடவினார். கைக்குக் கிடைத்ததெல்லாம் அவருடையதாகவே இருந்தது.

பேருந்துக்கு நேரம் சொல்லியே பழகியவருக்கு எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. திலகவதி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அவர் பதிலுக்காக அவள் காத்திருந்தாள்.

அவர் முகத்தை நிமிர்த்தவில்லை. பார்வை படியில் கிடந்த அவள் செருப்பில் இருந்தது. வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. எப்போது அறுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.